நாலரை மணிக்கு மேல்

அரசுப் பள்ளியில் விளையாட்டுக்கும் கலைக்கும் தனிக் கட்டணம் கிடையாது. ஆனாலும் கூலி வேலைக்குப் போகிற வீட்டின் பிள்ளை மைதானத்துக்கும் மேடைக்கும் வந்து சேர்வது ஏன் இத்தனை கஷ்டமாக இருக்கிறது?

சாயங்கால மணி அடித்ததும் எந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் வாசலிலும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். பெருங்கூட்டம் பஸ் ஸ்டாப்புக்கு ஓடும். சின்னக் கூட்டம் ஒன்று பைகளைச் சுவரோரம் குவித்துவிட்டு மைதானத்துக்குப் போகும். அந்தச் சின்னக் கூட்டத்தில் யார் இருப்பார்கள் என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. பள்ளிக்கு நடக்கிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் வேண்டும். சாயங்காலம் பூ கட்டவோ, கடையில் நிற்கவோ, கேட்டரிங் வேலைக்குப் போகவோ வேண்டிய நெருக்கடி இருக்கக் கூடாது. இத்தனையும் அமைந்த பிள்ளைக்குத்தான் நாலரை மணிக்கு மேல் மைதானம்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு வருஷத்தைத்தான் இங்கே பேசப் போகிறோம். ஒரு பிள்ளை தன் உடம்பையும் குரலையும் கையையும் கொண்டு என்னென்ன செய்ய முடியும் என்று கண்டுகொள்கிற வயது அது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் முழுமையான வளர்ச்சியை நோக்க வேண்டும், உடல் ஆற்றலும் மன ஆற்றலும் இயன்ற எல்லை வரை வளர வேண்டும் என்று சொல்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் தேவை உச்சத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாடு அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2022-23இல் அரசுப் பள்ளிகளுக்கென்றே கலைத் திருவிழா தொடங்கியது. பறை, சிலம்பம், தெருக்கூத்து, ஓவியம், கவிதை எனப் பல வகைகளில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள் நடக்கின்றன. அறிவியலுக்கு வானவில் மன்றம், வாசிப்புக்குத் ‘தேன்சிட்டு’ இதழ், பள்ளியிலேயே சிறார் திரைப்படங்கள், விளையாட்டுக்கு முதலமைச்சர் கோப்பை, வீரர்களின் பயணத்துக்கும் உபகரணத்துக்கும் உதவ 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை. இவற்றில் ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பறையைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு விழா மேடையில் ஏறுகிற ஒரு பெண் பிள்ளையைக் கண்டு நெஞ்சு நிறையாதவர் இருக்க முடியாது. நான் கேட்பது இன்னொன்று. அந்த மேடை வரைக்கும் அந்தப் பிள்ளை வந்து சேர ஆகிற செலவை யார் ஏற்கிறார்கள்?

ஒரு சட்டி சுண்டல்

பசியிலிருந்து தொடங்குவோம்.

பெருந்தலைவர் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று இந்த மாநிலம் பள்ளியில் சோறு போடுவதில் நாட்டுக்கே வழிகாட்டியது. ஆனால் இவை வகுப்பு வாரியாக எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கணக்கில் எடுங்கள். காலையில் அம்மா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் டீயும் ஒரு பன்னும். மதியம் பன்னிரண்டே முக்கால் வாக்கில் சத்துணவு. மைதானத்தில் பயிற்சி தொடங்குவது நாலே முக்கால், ஐந்து மணிக்கு. ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு வீடு சேரும்போது ஏழரை. அதுவே பிளஸ் ஒன் பிள்ளையாக இருந்தால் மதியமும் வீட்டிலிருந்து கட்டிவந்த டப்பாதான். அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மைதானத்தில் மயங்கி உட்கார்கிற பிள்ளையைத் தூக்கிவிட்டு முகத்தில் தண்ணீர் தெளிக்கிற பி.டி. வாத்தியாருக்குத் தெரியும்.

பொதுத்தேர்வு எழுதுகிற மாணவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வைக்கும்போது பல ஊர்களில் சுண்டலோ பிஸ்கட்டோ கொடுக்கிறார்கள். உள்ளாட்சி கொடுக்கிறது, பழைய மாணவர்கள் கொடுக்கிறார்கள், சில இடங்களில் ஆசிரியர்களே காசு போடுகிறார்கள். பசித்த வயிற்றோடு கணக்குப் போட முடியாது என்று எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. பசித்த வயிற்றோடு நானூறு மீட்டர் ஓடவும் முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மைதான். ஆனால் விளையாடுகிற பிள்ளைக்கென்று ஒரு சட்டி சுண்டல் வேகும் பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சத்துணவுக் கூடம் அங்கேயே இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. பயறும் ஒரு மணி நேரக் கூலியும்தான் கூடுதலாக வேண்டும்.

கடைசி டவுன் பஸ்

அடுத்தது பஸ். கிராமத்துப் பிள்ளைகளின் விளையாட்டு வாழ்க்கையை முடித்துவைப்பது பெரும்பாலும் பஸ் நேரம்தான்.

பள்ளிக்கு வந்துபோக இலவச பஸ் பாஸ் இருக்கிறது. பிளஸ் ஒன் வந்தால் இலவச சைக்கிள் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. பெண் பிள்ளைகள் மாவட்ட மைதானம் வரை போய்வர இது எவ்வளவு பெரிய கதவைத் திறந்தது என்பதை நாம் இன்னும் முழுசாக எழுதவில்லை. ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தால் போதாதே, பஸ் இருக்க வேண்டும். உள்ளூர் வழித்தடங்களில் பள்ளி விடுகிற நேரத்துக்கு ஒரு வண்டி. அதை விட்டால் அடுத்தது ஏழரைக்கோ எட்டுக்கோ. எட்டு மணி பஸ்ஸில் இறங்கி, விளக்கில்லாத ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வருகிற மகளுக்காக எந்த அம்மா நிம்மதியாக இருப்பாள்? ‘வீட்டுல விட மாட்டாங்க சார்’ என்ற வாக்கியத்தைக் கேட்காத உடற்கல்வி ஆசிரியர் இல்லை. அந்த வாக்கியத்தை நாம் பழமைவாதம் என்று எடுத்துக்கொள்கிறோம். பாதி இடங்களில் அது பஸ் இல்லாத குறை.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியின் கதை பலருக்குத் தெரியும். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து பாட்டி வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அந்த ஓட்டத்தைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார், கல்லூரியிலும் விடுதியிலும் இடம் பிடித்துக் கொடுத்தார். ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். இந்தக் கதையை மேடைகளில் சொல்லும்போது வெறுங்காலைச் சொல்கிறார்கள். வைராக்கியத்தைச் சொல்கிறார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது விடுதி. மூன்று வேளைச் சோறும், மைதானத்துக்கு நடந்துபோகிற தூரமும், இரவு வீடு திரும்புகிற கவலை இல்லாத நிலையும் ஒரே இடத்தில் கிடைத்த பிறகுதான் அந்தக் கால்களுக்கு ஓட வழி பிறந்தது.

விளையாட்டு விடுதிகள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் தேர்வாகிப் போகிறவர்களுக்கே அங்கே இடம். அந்தத் தேர்வுக்குத் தகுதி பெறுகிற அளவுக்கு ஒரு பிள்ளை முன்னேற வேண்டுமானால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷம் தன் பள்ளி மைதானத்தில்தான் கழியும். அந்த வருஷங்களில் சோறும் பஸ்ஸும் கிடையாது.

வாத்தியார் யார்?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பம் நடத்தினார். இந்தப் பையனால் உயரம் தாண்ட முடியும் என்று கண்டுபிடித்தது யார்? பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரீஸில் வெண்கலம் என்று மூன்று பதக்கத்துக்கும் வேர் அந்தப் பள்ளி மைதானத்தில் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். தினமும் வருகிற, பிள்ளையின் பெயர் தெரிந்த, அடுத்த வருஷமும் அதே பள்ளியில் இருக்கப்போகிற ஒருவரின் கண்.

2012இல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், தோட்டக்கலை, கணினி, வாழ்வியல் திறன் ஆகியவை அவர்கள் பாடங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதை ஒட்டி வந்த நியமனம் இது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்று தொடங்கியது. 2021இல் அது 10,000 ரூபாய். பிறகு 12,500. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது வருஷக்கணக்காக நடந்த வழக்கம். பணி நிரந்தரம் செய்வோம் என்பது 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த 181ஆவது வாக்குறுதி. அதை நினைவூட்டிச் சென்னைக் கல்வி வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இதில் மாணவனின் பங்கு என்ன என்று யோசியுங்கள். அரசுப் பள்ளியில் பாட்டுக் கற்க விரும்புகிற பிள்ளைக்கு, ஓவியத்தில் விரல் ஓடுகிற பிள்ளைக்கு, கிடைக்கிற ஒரே குரு இந்தப் பகுதிநேர ஆசிரியர்தான். வசதியான வீட்டுப் பிள்ளை சாயங்காலம் தெருமுனையில் கீபோர்டு கிளாஸ் போகும், சனி ஞாயிறு பரதம் போகும். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் இருக்கிற அந்த மனிதர் மட்டும்தான் உண்டு. அவரை வாரத்தில் மூன்று அரை நாள் வரவழைத்து, மீதி நேரம் பிழைப்புக்கு வேறு வேலை தேட விட்டுவிட்டோம். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலாக அதே தற்காலிக நிலையில் இருந்துகொண்டு பிள்ளைகளைக் கலைத் திருவிழா மேடை வரை கூட்டிவந்தவர்கள் அவர்கள். இந்த மாநிலத்தின் கலைக் கல்வி அவர்கள் தோளில்தான் நின்றிருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இவர்களின் சம்பளம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அடங்குகிறது. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று காட்டி, இந்தத் திட்டத்துக்கு 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஓவிய ஆசிரியரின் சம்பளமும் கைப்பந்தும் அடங்குகிற தலைப்பில் கை வைப்பது நியாயமே இல்லை. அதன் வலி டெல்லியிலோ கோட்டையிலோ இருப்பவரைத் தொடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையைத்தான் தொடும்.

அதே ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுச் சாமான் வாங்க ஒரு மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு அதிகபட்சம் 25,000. எண்ணூறு பேர் படிக்கிற மேல்நிலைப் பள்ளியில் இது தலைக்கு 31 ரூபாய். இதில்தான் பந்து, வலை, ஷாட்புட், கேரம் போர்டு எல்லாம். ஸ்பைக்ஸ் ஷூ இந்தக் கணக்கில் வரவே வராது.

பிறகு பீரியட். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எழுதப்படாத சட்டம். 2024 குழந்தைகள் தின விழாவில் அப்போது துணை முதல்வராகவும் விளையாட்டுத் துறை அமைச்சராகவும் இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். நல்ல வேண்டுகோள். ஆனால் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்துத் தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்கிற ஆய்வுக் கூட்டங்கள் நடக்கும் வரை வேண்டுகோளால் அந்தப் பீரியடைக் காப்பாற்ற முடியாது. பணக்காரப் பிள்ளைக்குப் பி.டி. பீரியட் போனால் சாயங்காலம் அகாடமி இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிஷம் போனால் அந்த வாரமே போயிற்று. ஆகவே இதை நான் வெறும் நிர்வாகக் குறையாகப் பார்க்கவில்லை. வறிய பிள்ளையின் கையில் இருந்ததைப் பறிப்பதாகவே பார்க்கிறேன்.

கேரளம் கைவிட்ட பட்டம்

கலைத் திருவிழாவில் மாநில அளவில் வெல்கிறவர்களுக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்று பட்டம் கொடுக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த வழியில் நமக்கு முன்னால் அறுபது வருஷம் நடந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேரளத்தின் பள்ளிக் கலோல்சவம் 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பெரிய பள்ளிக் கலை விழா என்று அதைச் சொல்வார்கள். அங்கேயும் ‘கலாபிரதிபா’, ‘கலாதிலகம்’ என்று பட்டங்கள் இருந்தன. நடிகர் வினீத்தும் மஞ்சு வாரியரும் அவற்றை வாங்கியவர்கள்தான்.

2006இல் கேரளம் அந்தப் பட்டங்களை நிறுத்தியது. காரணம் எளிமையானது. பட்டத்துக்காகப் பெற்றோர் லட்சக்கணக்கில் செலவழிக்கத் தொடங்கினார்கள். பெரிய குருவிடம் தனிப் பயிற்சி, விலையுயர்ந்த உடை, நகை, பின்னணி இசைக்குத் தனிக் குழு, தோற்றால் மேல்முறையீடு. பணமில்லாத வீட்டுப் பிள்ளை மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. பிறகு முதல், இரண்டு, மூன்று என்ற வரிசையையும் எடுத்துவிட்டுத் தரநிலை முறைக்கு மாறினார்கள். ஒரே போட்டியில் பத்துப் பேர் நன்றாக ஆடினால் பத்துப் பேருக்கும் ‘ஏ’ கிரேடு. ஆடம்பரத்துக்கு மதிப்பெண் கூடாது என்று விதிமுறைக் கையேட்டில் சேர்த்தார்கள். 2025இல் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையாட்டம் ஆகிய பழங்குடிக் கலைகள் முதன்முதலாகப் போட்டியில் இடம்பிடித்தன. வீட்டில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டாத, ஊரிலேயே வாழ்கிற கலை மேடை ஏறியதும் இத்தனை காலம் எட்டிப் பார்க்காத பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு உண்டு. அந்தச் சமையல் கூடமே அங்கே ஒரு தனிச் செய்தி.

கேரளத்திலும் செலவும் சிபாரிசும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் பட்டம் ஏழைப் பிள்ளைக்கு எதிராகத் திரும்பும் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். நம் கலைத் திருவிழாவிலும் குழு நடனத்துக்கு வாடகை உடை, மேக்கப், பாட்டைக் கட் பண்ணிக் கொடுக்கிற கம்ப்யூட்டர் சென்டர் என்று செலவு ஏறிக்கொண்டுதான் வருகிறது. எட்டுப் பேர் ஆடுகிற குழுவில் உடைக்குப் பங்கு கொடுக்க முடியாத பிள்ளை தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். உடம்பு சரியில்லை என்று சொல்லும், பாட்டி ஊருக்குப் போகிறேன் என்று சொல்லும். காசு இல்லை என்று மட்டும் சொல்லாது. பதினாலு வயதின் மானம் அப்படி. பள்ளிச் சீருடையிலேயே ஆடினாலும் முழு மதிப்பெண் என்று ஒரு சுற்றறிக்கை போட அரசுக்கு ஒரு பைசா செலவு இல்லை.

தனியார் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் ஏழை

அரசுப் பள்ளியை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே நீச்சல், கராத்தே, ரோபாட்டிக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டணம். மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தையை நூலகம், கணினி, விளையாட்டு, பாடம் சாராத செயல்பாடுகள் எதிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தக் கூடாது. விதி இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் தயக்கம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அந்த ஒதுக்கீடே முடிந்துபோகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கட்டுவதா, வேறு பள்ளி தேடுவதா என்று வீடு தவிக்கும்போது ரோபாட்டிக்ஸைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

பாடம் சாராத செயல்பாட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கலாமா என்ற கேள்வியை ஒரு நீதிமன்றம் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1978இல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டதும் பள்ளிகளின் வருமானம் சுருங்கியது. சான்டா பார்பரா பள்ளி மாவட்டம் நாடகம், இசை, விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் கட்டணம் போட்டது. ஏழைகளுக்கு விலக்கும் கொடுத்தது. 1984இல் ஹார்ட்செல் எதிர் கானல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணம் செல்லாது என்றது. பாடம் சாராத செயல்பாடும் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி. கல்வி இலவசம் என்று அரசியல் சாசனம் சொன்னால் இதுவும் இலவசம்தான். ஏழைக்கு விலக்கு கொடுத்திருக்கிறோம் என்று சொல்லியும் கட்டணத்தைக் காப்பாற்ற முடியாது. நான் ஏழை என்று எழுதிக் கொடுத்துத்தான் ஒரு பிள்ளை நாடகத்தில் நடிக்க வேண்டுமா? நம் ஊரில் வருமானச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலக வாசலில் ஒரு நாள் கூலியை இழந்து நிற்கிற அப்பாக்களைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

வென்ற பிறகு வரும் பணம்

2024 நவம்பரில் வட சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அப்பாதான். அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா துணைத் தலைவி. அவருக்கு 25 லட்சம். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை கிடைக்காது என்று இருந்த ஒரு குடியிருப்பின் பெயரை ஒரு பதினேழு வயதுப் பெண் மாற்றி எழுதினார். இரண்டு பரிசும் தகுதியானவை. இன்னும் கொடுத்தாலும் தகும்.

ஆனால் வென்ற பிறகு வருகிற பணம் வென்றவரிடம்தான் போகும். அதே கண்ணகி நகரில் அதே சாயங்காலத்தில் ரெய்டு போகக் கற்றுக்கொண்டிருந்த மற்ற பெண் பிள்ளைகளுக்கு, சர்வதேச அணிக்குப் போகாத, மாவட்டத்தோடு நின்றுவிடுகிற, ஆனாலும் கபடியால் முதுகு நிமிர்ந்து நிற்கிற பிள்ளைகளுக்கு, வெல்லும் முன்பே பணம் வர வேண்டும். குறுவட்டப் போட்டிக்கு இருபது பிள்ளைகளைக் கூட்டிப்போகிற பி.டி. வாத்தியார் வேன் வாடகைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் முதலில் தன் கைக்காசைத்தான் எடுக்கிறார். அந்தத் தொகை முன்பணமாக அவர் கையில் இருந்தால் இருபது பேர் போகிற இடத்தில் முப்பது பேர் போவார்கள்.

சான்றிதழின் கதையும் இதோடு சேர்ந்தது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். அரசு வேலையில் 3 விழுக்காடு. மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களை வைத்துத்தான் வரிசை. தேசியப் போட்டிக்குப் போக ரயில், தங்கல், உபகரணம், பயிற்சி எல்லாம் வேண்டும். கையில் காசு உள்ளவர்கள் எளிதாகச் சேர்க்கிற சான்றிதழ்கள் அவை. அரசுப் பள்ளி மாணவர் பின்தங்கியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டுதான் மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதே நியாயம் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குள்ளும் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. சட்டப்படி எப்படிச் செய்வது என்று அரசு வல்லுநர்களைக் கேட்கட்டும்.

பள்ளி நேரத்துக்குள்

செய்யக்கூடியவற்றில் முதலாவது, பாடம் சாராததைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவருவது. இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்படம் ஆகியவற்றைக் கல்வித் துறை ஏற்கெனவே கால அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அந்த முடிவின் அருமை இங்கேதான் இருக்கிறது. மூன்று மணிக்கு நடக்கிற மன்றத்துக்கு பஸ் கவலை இல்லை. பூ கட்டப் போகிற பிள்ளையும் இருக்கும். விளையாட்டுக்கும் இசைக்கும் இதையே நீட்டி, வாரத்தில் இரண்டு நாள் கடைசி இரண்டு பீரியடை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புக்கும் ஒதுக்கினால் மைதானத்தில் நிற்கும் முகங்கள் மாறும். பொதுத்தேர்வு வகுப்பு என்று பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் விட்டுவிடக் கூடாது. மனம் இறுகிப்போகிற அந்த வருஷங்களில்தான் அந்தப் பிள்ளைக்கு மைதானம் அதிகமாகத் தேவை.

மைதானமே இல்லாத நகரத்துப் பள்ளிகள் ஏராளம். பக்கத்தில் மாநகராட்சி மைதானமோ கல்லூரி மைதானமோ இருந்தால் வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தை அந்தப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்க ஆட்சியர் ஒருவர் நினைத்தால் போதும். சேலம் சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் நடராஜன் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக மைதானம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் மனசு பெரியது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நடராஜன் பிறந்து வரும் வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

இங்கே பெற்றோரும் ஒரு கை கொடுக்க முடியும். ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் தலைவர், இப்போது முன்னாள் மாணவர்களும் உறுப்பினர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்து கால அட்டவணை போடுகிற சமயத்தில் நடக்கும் கூட்டத்தில் சில கேள்விகளைக் கேட்கலாம். நம் பள்ளியில் பி.டி. பீரியட் வாரத்துக்கு எத்தனை, போன வருஷம் அதில் எத்தனை உண்மையில் மைதானத்தில் நடந்தன? விளையாட்டுச் சாமானுக்கு வந்த பணத்தில் என்ன வாங்கினார்கள், அது இப்போது பூட்டிய அறையில் இருக்கிறதா, பிள்ளைகள் கையில் இருக்கிறதா? போன கலைத் திருவிழாவில் முதல் தடவையாக மேடை ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர்? பயிற்சிக்கு நிற்கிற பிள்ளைகள் எந்தெந்த ஊர், அந்த ஊர்களுக்கு ஆறரை மணிக்கு பஸ் உண்டா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பஸ் விஷயத்தை மட்டும் தனி மனுவாக்கிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும், சுண்டல் விஷயத்தை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து, இரண்டுக்கும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்தச் சீட்டுகளை எடுத்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.